போச்சம்பள்ளி பட்டு: நெசவா, அச்சா? சிங்கிளா, டபுளா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோவைக்காரி:

வணக்கம்ங்க. வர்ற தை மாசம் மூத்த பொண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை காஞ்சிபுரம் போய் எடுத்தாச்சு. அதுல குழப்பம் ஒண்ணும் இல்லீங்க, எங்கம்மா காலத்துல இருந்து எடுத்துப் பழகினது. ரிசப்ஷனுக்கு மட்டும் போச்சம்பள்ளி பட்டுதான் வேணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவ ஆபீஸ்ல ஒரு தெலுங்குப் பொண்ணு கட்டிட்டு வந்ததைப் பார்த்ததுல இருந்து இதே பேச்சு.

போன வாரம் இங்க ஒரு கடையில மூணு புடவை எடுத்துப் போட்டாங்க. முதல் புடவை 9,500 ரூபாய். அரக்கு உடம்பு, வெள்ளையும் மஞ்சளுமா வைரக் கட்டம், 'சிங்கிள்'னு சொன்னாங்க. ரெண்டாவது 28,000. அது 'டபுள் இக்கத்'தாமா. மூணாவது 3,400, அதுக்கும் 'போச்சம்பள்ளி சில்க்'னுதான் பேர். எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் தெரியுது. என்ன வித்தியாசம்னு கேட்டா, புடவை எடுத்துப் போட்ட தம்பி "டிசைன் எல்லாம் ஒண்ணுதாங்கம்மா, குவாலிட்டிதான் வேற"ன்னு முடிச்சுட்டாரு.

28,000 குடுக்கறதுக்குக் கூட யோசனை இல்லீங்க, அதுக்கான வேலை அதுல இருக்கோணும். சிங்கிள், டபுள்னா நெசவுல நெசமா என்ன வேற? கடையில நின்னுட்டே நாமளே பார்த்துத் தெரிஞ்சுக்க வழி இருக்குங்களா? இல்ல நேரா அந்த ஊருக்கே போயிட்டு வந்துடலாமா?

சேலைப்பெட்டி:

வாழ்த்துகள் சகோதரி. சில்க் மார்க் முத்திரை இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா தைரியமா எடுக்கலாம். 3,400 ரூபாய்க்குப் பட்டு கிடைக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதை விட்டுடுங்க.

ஆரணித்தறி:

கோவைக்காரி அக்கா, அந்த 28,000 புடவைக்கு இன்னும் பணம் கட்டலைன்னா ரெண்டு நாள் பொறுங்க. கடைக்கு இன்னொரு தடவை போங்க. என்ன பார்க்கணும்னு எழுதறேன்.

நான் ஆரணிக்காரி. அப்பா வீட்டுல பட்டுத்தறி, தறிச் சத்தத்துலதான் வளர்ந்தேன். கல்யாணமாகி ஐதராபாத் வந்த பிறகு போச்சம்பள்ளிக்குப் போக ஆரம்பிச்சு, இப்போ இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குப் புடவை எடுத்துக் குடுக்கிறதே எனக்கு வேலையா ஆயிடுச்சு.

முதல்ல சேலைப்பெட்டி சொன்னதுக்கு ஒரு வார்த்தை. சில்க் மார்க் மத்திய பட்டு வாரியத்தோட ஏற்பாட்டுல 2004ல வந்தது. அது சொல்றது 'இது சுத்தப் பட்டு' அப்படிங்கிற ஒண்ணை மட்டும்தான். கையால நெய்ததா, பவர்லூமா, அச்சா, இது எதையும் அது சொல்லாது. சுத்தப் பட்டுத் துணி மேல இக்கத் டிசைனை அச்சடிச்சாலும் சில்க் மார்க் வாங்கலாம். கைத்தறிக்குத் தனியா ஹேண்ட்லூம் மார்க் இருக்கு. ரெண்டும் இருக்கான்னு கேளுங்க. முத்திரையைப் பார்த்த பிறகு நூலையும் பாருங்க, நூலைப் பார்க்கத் தெரிஞ்சுட்டா யாரும் நம்மை ஏமாத்த முடியாது.

எங்க ஊர்லயோ காஞ்சிபுரத்துலயோ டிசைன் பிறக்கிறது தறியில. சாயம் போட்ட நூல் ஒரே நிறமா வரும். அட்டை கட்டி, அடை ஏத்தி, ஜரிகை ஊடை (குறுக்கா போற நூல்) குடுத்துதான் புட்டாவும் கரையும் வரும். போச்சம்பள்ளியில அப்படி இல்லை. நூல் தறிக்கு வர்றதுக்கு முன்னாடியே டிசைன் முடிஞ்சுடுது, இதுக்குத்தான் இக்கத்னு பேர். ஒரு இழை ஊடையை எடுத்தா, அதுலயே இங்க கொஞ்சம் வெள்ளை, அடுத்து கொஞ்சம் மஞ்சள், அப்புறம் அரக்குன்னு நிறம் மாறி மாறி இருக்கும். நெசவாளர் அதை உட்கார வேண்டிய இடத்துல உட்கார வைக்கிறார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு கஷ்டம்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்.

ஊடை நூலை முதல்ல 'ஆசு' போடுவாங்க. அரைவட்டமா வரிசையா முளை அடிச்ச ஒரு சட்டம், எதிர்ப்பக்கம் நடுவுல ஒரு முளை. நூலை நடு முளையில இருந்து ஓர முளைக்குக் கொண்டு போய்த் திருப்பி, மறுபடி நடுவுக்கு, மறுபடி அடுத்த முளைக்கு. இப்படி வரிசை தப்பாமச் சுத்தணும். ஒரு புடவைக்கு ஏறத்தாழ 9,000 தடவை கை போய் வரணும். நாலஞ்சு மணி நேரம் ஒரே பக்கமா கையை வீசிட்டே இருக்கணும். இதைச் செய்யறது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தோள்பட்டையும் முழங்கையும் போயிடும். சிந்தகிந்தி மல்லேசம்னு ஒருத்தர், ஆலேர் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அம்மா படற இந்த அவஸ்தையைப் பார்க்க முடியாம 1999ல ஆசு போட ஒரு மிஷினே செஞ்சார். அம்மா பேரையே வெச்சு லட்சுமி ஆசு மிஷின். நாலஞ்சு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துல முடியுது. 2017ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. புடவை வாங்கறவங்க 'எத்தனை நாள் நெஞ்சீங்க'ன்னுதான் கேக்கறாங்க. ஆசு போட்ட அந்த அம்மாவோட நேரத்தை யாரும் கேக்கறதில்லை. எனக்கு இது ரொம்ப நாள் வருத்தம்.

ஆசு போட்ட நூல்ல கட்டத்தாள் டிசைனைப் பார்த்துக் குறி போடுவாங்க. அப்புறம் கட்டு. சைக்கிள் ட்யூபை மெல்லிய நாடாவா நறுக்கி வெச்சிருப்பாங்க. எங்கெல்லாம் நிறம் ஏறக் கூடாதோ அங்கெல்லாம் இழுத்து இறுக்கிச் சுத்துவாங்க. உங்க அரக்குப் புடவையையே எடுத்துக்குங்க. வெள்ளையா நிக்க வேண்டிய இடத்தை முதல்லயே கட்டிட்டு, நூல் பூரா மஞ்சள் சாயத்துல முக்கணும். காய வெச்சு, மஞ்சளா நிக்க வேண்டிய இடத்தை இப்போ கட்டணும். அப்புறம் அரக்கு. சாயம் கொதி பக்கத்துல இருக்கிற தண்ணியில ஏறும். கட்டு ஒரு இடத்துல நெகிழ்ந்தாலும் அரக்கு உள்ள புகுந்து வெள்ளை அழுக்கா ஆயிடும். கடைசியில எல்லாக் கட்டையும் பிரிச்சு, அதே வரிசையில தாருக்கு, அதாவது ஊடை நூல் சுத்தற சின்னக் குழலுக்கு, மாத்திச் சுத்தணும். ஒரு தார் இடம் மாறினா டிசைனே உடைஞ்சு போயிடும். அதனாலதான் நிறம் கூடக் கூட விலை கூடுது. அஞ்சு நிறம் உள்ள புடவைன்னா கட்டறது, சாயம் போடறது, காய வைக்கிறதுன்னு அத்தனை சுற்று.

இப்படி ஊடையை மட்டும் கட்டிச் சாயம் போட்டு, பாவு, அதாவது நெடுக்கா போற நூல், ஒரே நிறமா இருந்தா சிங்கிள். பாவை மட்டும் கட்டி ஊடை ஒரே நிறமா இருந்தா அதுவும் சிங்கிள்தான். பாவு, ஊடை ரெண்டையும் கட்டி, தறியில ரெண்டும் ஒரே புள்ளியில வந்து சேர்ந்தா டபுள். ரெண்டும் சேரணும், அதுதான் விஷயம். பாவுல ஒரு வெள்ளைக் கட்டம், ஊடையில ஒரு வெள்ளைக் கட்டம், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்கார்ந்தாத்தான் பளிச்சுன்னு வெள்ளை.

இப்போ கடையில என்ன பண்ணணும்னு சொல்றேன்.

3,400 புடவையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அச்சுன்னா உள்பக்கம் நிறம் வெளுத்திருக்கும். சில மெல்லிய துணியில ரெண்டு பக்கமும் ஏறின மாதிரியே தெரியும், அதை நம்பிடாதீங்க. முந்தி ஓரத்துலயோ ரவிக்கைத் துணி முடியற இடத்துலயோ ஒரு ஊடை இழையை மெதுவா உருவித் தரச் சொல்லிக் கேளுங்க. இக்கத் நூல்னா இழை சுத்தி எல்லாப் பக்கமும் நிறம் முழுசா ஏறியிருக்கும். அச்சுன்னா, குறுக்கு நூல் மூடியிருந்த இடமெல்லாம் பொடிப் பொடியா வெள்ளை நிக்கும். அந்த இழையையே வெளியே வந்து கொளுத்திப் பாருங்க. பட்டு முடி கருகின வாடை அடிச்சு, சாம்பல் விரல்ல தேய்ச்சா பொடியாயிடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியா மணி மாதிரி நிக்கும்.

அடுத்தது 28,000. உங்க போன் கேமராவைத் திறந்து நல்லாப் பெரிசு பண்ணி, உடம்புல ஒரு வெள்ளைப் பூவையோ கட்டத்தையோ பாருங்க. அந்த வெள்ளைக்குள்ள நெடுக்கா போற இழையும் வெள்ளை, குறுக்கா போற இழையும் வெள்ளைன்னா டபுள். குறுக்கு இழை மட்டும் வெள்ளையா இருந்து, நெடுக்க உடம்பு நிற இழை (உங்க முதல் புடவையில அரக்கு) ஓடுதுன்னா அது சிங்கிள். தூரத்துல இருந்து பார்த்தா அந்த வெள்ளை கொஞ்சம் இளஞ்சிவப்பு அடிக்கும். டிசைன் ஓரத்தையும் பாருங்க. ஊடை இக்கத்துல நிறம் இடமும் வலமுமாக் கசியும். பாவு இக்கத்துல மேலும் கீழுமாக் கசியும். டபுள்ல நாலு பக்கமும் லேசாக் கசிவு இருக்கும். கோடு கத்தியால வெட்டின மாதிரி நேரா நின்னா சந்தேகப்படுங்க.

ஒரு விஷயத்துல ரொம்பக் கவனம் வேணும். உடம்பு பூரா பாவு இக்கத், முந்தியில மட்டும் ஊடை இக்கத், இப்படி நிறையப் புடவை வருது. ரெண்டும் ஒரே புடவையில இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேர்றதே இல்லை. இதையும் 'டபுள்'னு சொல்லி வித்துடறாங்க. நல்ல புடவைதான், குறை சொல்ல மாட்டேன். டபுள் விலை அதுக்குக் கிடையாது.

கடைசியா கரையோரத்தை விரலால தடவிப் பாருங்க. ஊடை இக்கத் நெய்யும்போது ஒவ்வொரு இழையையும் டிசைனுக்கு நேரா உட்கார வைக்க, நெசவாளர் அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நூலிழை இழுத்து விடுவார். அந்த மிச்சம் ஓரத்துல சின்னச் சின்னச் சுருக்கமா, கண்ணியா நிக்கும். அதைத் தப்புன்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க. எனக்கு ஒரு புடவையில அதைப் பார்த்தாத்தான் நிம்மதி.

ஒரு பாவுல பல புடவை நெய்வாங்க. அதனால "இதே பாவுல வேற புடவை இருக்கா"ன்னு கடையில கேளுங்க. இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிக்கச் சொல்லுங்க. டிசைன் ஒண்ணாவே இருக்கும், கசிவு மட்டும் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு விதமா இருக்கும். அச்சுல அந்தக் 'கசிவு' கூட எல்லாப் புடவையிலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி வந்துடும்.

கல்லாவிபையன்:

நேரா போறதா இருந்தா வழியை மட்டும் சரியாப் பார்த்துக்குங்க அக்கா. எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துலயும் ஒரு போச்சம்பள்ளி இருக்கு. இங்க சந்தைதான் பிரபலம், மாடு வாங்கலாம், புளி வாங்கலாம். இந்தப் புடவை ஊர் தெலங்கானாவுல இருக்கிறது.

வைகைக்கரை:

எங்க மதுரைச் சுங்குடியும் கட்டிச் சாயம் போடறதுதானே? அப்போ அதுவும் இக்கத்தா? ரொம்ப நாளா இந்தச் சந்தேகம்.

ஆரணித்தறி:

வைகைக்கரை, சுங்குடியில நெய்து முடிச்ச துணியைக் கிள்ளி எடுத்து முடிச்சுப் போட்டுச் சாயம் போடறாங்க. அதனால புள்ளியைச் சுத்தி வட்டமா வெள்ளை நிக்குது. இங்க துணியே இன்னும் கிடையாது, நூலைக் கட்டறாங்க. கட்டற கை ரெண்டுலயும் ஒரே மாதிரிப் பொறுமை வேணும், வேலை வேற.

கல்லாவிபையன் சொன்னது சரி. தெலங்கானா ஊரோட முழுப் பேர் பூதான் போச்சம்பள்ளி. 1951ல வினோபா பாவே வந்தப்போ வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலம் குடுத்து பூதான இயக்கம் ஆரம்பிச்சது அங்கதான். ஐதராபாத்ல இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வந்துடும், எல்.பி. நகர் பக்கமா போகணும்.

அங்க பட்டு ரொம்பப் பழசு இல்லைங்கிறது பல பேருக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி பருத்திதான். ஆந்திரக் கடலோரத்துல சீராலாப் பக்கம் 'தேலியா ருமால்'னு சதுரத் துணி நெஞ்சாங்க. நூலை எண்ணெயிலயும் ஆமணக்குக் காய்ச் சாம்பல்லயும் நாள் கணக்கா ஊற வெச்சுப் பிசைவாங்க. அப்போதான் சிவப்பு நல்லாப் பிடிக்கும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, இந்த மூணே நிறம். ஏடன், கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போன சரக்கு. அந்தக் கட்டு வித்தைதான் இந்தப் பக்கம் வந்து, 1960களுக்குப் பிறகு பட்டுல ஏறினது. தேலியா ருமாலை இன்னிக்கும் விடாம நெய்யறது போச்சம்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற புட்டபாகா ஊர்ல. அங்க கஜம் கோவர்தனாங்கிற நெசவாளருக்கு 2011ல பத்மஸ்ரீ கிடைச்சது. நல்ல டபுள் வேணும்னா புட்டபாகாவையும் சேர்த்துக் கேளுங்க, போச்சம்பள்ளிங்கிற பேர்ல விக்கிறதுல அங்க நெஞ்சதும் உண்டு.

மணிநகர்தமிழ்:

நான் அகமதாபாத்ல இருக்கேன், மணிநகர். இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களே ஏராளம். டபுள் இக்கத்னு பேச்சு வந்தா படானைச் சொல்லாம விட முடியாது.

படான் இங்கிருந்து மூணு மணி நேரம். நூறு ரூபாய் நோட்டு பின்பக்கம் இருக்கிற ராணி கி வாவ் படிக்கிணறு அந்த ஊர்தான். கிணறு பார்க்கப் போறவங்க பக்கத்துலயே இருக்கிற பட்டோலா (படான்ல நெய்யற டபுள் இக்கத் பட்டு) அருங்காட்சியகத்தை விட்டுடாதீங்க, பரம்பரையா அதை நெய்யற சால்வி குடும்பத்தார் நடத்தறது. தறி நேரா இருக்காது, ஒரு பக்கமாச் சாய்ஞ்சு இருக்கும். ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்யறாங்க. கொஞ்சம் நெஞ்சதும் நிறுத்திட்டு, கையில ஒரு ஊசியை எடுத்து, பாவு இழையை ஒவ்வொண்ணா நகர்த்தி ஊடையோட நிறத்துக்கு நேரா கொண்டு வர்றாங்க. நான் நின்னு பார்த்தப்போ ஒரு யானையோட தும்பிக்கை வளைவு, விரல் அகலம்தான் இருக்கும். அதை நேர் பண்ணி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. ஒரு புடவைக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகும். விலை லட்சத்துல. ஆர்டர் குடுத்துட்டுக் காத்திருக்கணும், தை மாசக் கல்யாணத்துக்குக் கிடைக்காது.

12ம் நூற்றாண்டுல சோலங்கி அரசர் குமாரபாலர் 700 சால்வி குடும்பங்களை ஜால்னா பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்து குடி வெச்சார்னு அவங்க பரம்பரையாச் சொல்றாங்க. இன்னிக்குப் படான்ல இதை நெய்யற குடும்பங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இந்தோனேசியாவுக்கு அந்தக் காலத்துலயே கப்பல்ல போயிருக்கு, அரண்மனையிலயும் கோயில்லயும் வெச்சுக் கும்பிட்டிருக்காங்க. பாலித் தீவுல தெங்கானான் கிராமத்துலயும் டபுள் இக்கத் நெய்யறாங்க, கெரிங்சிங்னு பேர், பருத்தியில.

கோவைக்காரி கவனிக்க வேண்டியது இது. 'பட்டோலா'ன்னு சொல்லி 15,000, 20,000 ரூபாய்க்குக் கடையில காட்டறது பெரும்பாலும் ராஜ்கோட் சரக்கு. ஊடை மட்டும் கட்டினது, சிங்கிள். நல்ல புடவைதான், அழகாவும் இருக்கும். படான்னு யாராவது அந்த விலைக்குச் சொன்னா நம்பாதீங்க.

சேலைப்பெட்டி:

ஆரணித்தறி அக்கா, சில்க் மார்க் பத்தி விளக்கினதுக்கு நன்றி. இத்தனை வருஷமா கைத்தறிக்கும் அதுவே போதும்னு இருந்தேன். ஒரு கேள்வி. காஞ்சிபுரம் கடைகள்ல போச்சம்பள்ளி உடம்பு, காஞ்சிக் கரைன்னு வருதே, அதை எடுக்கலாமா?

ஆரணித்தறி:

தாராளமா. உடம்பு இக்கத், கரை ஜரிகை, ரெண்டும் தனித்தனி வேலை. அதுலயும் இதே சோதனைதான், உடம்புல ஒரு இழை உருவிப் பாருங்க. காஞ்சிக் கரை கனமா இருக்கும், போச்சம்பள்ளி உடம்பு லேசு. கட்டும்போது கரை கீழே இழுக்கும், கொசுவம் நல்லா நிக்கும். சின்னப் பொண்ணுங்களுக்கு, ரொம்ப நேரம் மேடையில நிக்கறவங்களுக்கு, முழுப் போச்சம்பள்ளிதான் சுகம்னு நான் சொல்வேன். ஜரிகைப் பாரம் இல்லை, உடம்போட ஒட்டி விழும்.

கோவைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து பொண்ணையும் கூட்டிட்டு அதே கடைக்குப் போனோம்.

3,400 புடவையில முந்தி ஓரத்துல நூல் உருவிப் பார்த்தேன். ஆரணித்தறி சொன்னபடியே பொடிப்பொடியா வெள்ளை. வெளியே வந்து கொளுத்தினா மணி மாதிரி உருகிடுச்சு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

28,000 புடவையைப் போன்ல பெரிசு பண்ணிப் பார்த்தோம். உடம்பு பூரா சின்னச் சின்ன வெள்ளைக் கட்டம். நெடுக்க இழை மட்டும் வெள்ளை, குறுக்க போறதெல்லாம் பச்சை. கசிவும் மேலும் கீழுமாத்தான் இருந்துச்சு. முந்தியில பார்த்தா அப்படியே மாறி, குறுக்கு இழை டிசைனு, கசிவு இடமும் வலமும். நீங்க எழுதினீங்களே, ஒண்ணோட ஒண்ணு சேராததுன்னு, அதேதாங்க. கடைக்காரர்கிட்ட நிதானமாக் காட்டினேன். பெரியவர் ஒருத்தர் உள்ள இருந்து வந்து பார்த்துட்டு, "வாங்கும்போது எங்களுக்கும் டபுள்னுதான் சொன்னாங்கம்மா"ன்னாரு. விலையை 19,000ன்னு குறைச்சுத் தர்றேன்னாரு. எடுக்கலை.

பொண்ணு என்ன பண்ணினா தெரியுங்களா, 9,500 அரக்குப் புடவையோட ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "அம்மா, இதுல அந்தக் கண்ணி எல்லாம் இருக்கு, இதையே எடுத்துக்கலாம்"னுட்டா. வெள்ளை லேசா இளஞ்சிவப்பு அடிக்குது, அது அவளுக்குப் பிடிச்சிருக்கு. ஹேண்ட்லூம் மார்க்கும் இருந்துச்சு. எடுத்துட்டோம்.

இனி அதை எப்படி வெச்சுக்கறதுன்னு சொல்லுங்க. அரக்குச் சாயம் போகுமா? ஃபால்ஸ் தைக்கக் குடுக்கோணும், அதுலயும் ஏதாவது பார்க்கோணுங்களா?

ஆரணித்தறி:

ரொம்பச் சந்தோஷம் அக்கா. உங்க பொண்ணுக்கு என் வாழ்த்து. ஓரம் தடவிப் பார்த்து எடுத்தாளே, அந்தப் பொண்ணை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க, ஆசு போடற வீட்டுக்கே அழைச்சிட்டுப் போறேன்.

ஃபால்ஸ் துணியை முதல்ல தண்ணியில நல்லா ஊற வெச்சு, காய வெச்சு, இஸ்திரி போட்டுக் குடுங்க. அப்படியே தைச்சா முதல் தடவை நனையும்போது பருத்தி சுருங்கி, பட்டோட கீழ் ஓரம் அலை அலையா ஆயிடும். ஃபால்ஸ் நிறம் அரக்காவே எடுங்க. தையல் கையால போடச் சொல்லுங்க. ஓரத்துல நிக்கிற கண்ணியை யாராவது 'நூல் தூக்கி இருக்கு'ன்னு கத்தரிச்சிடப் போறாங்க, அதை முதல்லயே சொல்லி வைங்க. கத்தரிச்சா அந்த ஊடை உள்ள இழுத்துக்கும், டிசைன் அந்த இடத்துல விலகிடும்.

அரக்கு, சிவப்பு, கறுப்பு எல்லாம் முதல் நனைப்புல கொஞ்சம் விடும். வெள்ளை இருக்கிற புடவைங்கிறதால வீட்டுல நனைக்காதீங்க, டிரை கிளீனிங்தான். ரிசப்ஷன் முடிஞ்சதும் அன்னிக்கே மடிச்சு வெச்சிடாதீங்க. ராத்திரி பூரா நிழல்ல காத்தாட விரிச்சுப் போட்டு, வேர்வை ஈரம் போன பிறகு மடிங்க. சென்ட்டைப் புடவை மேல நேரா அடிக்க வேண்டாம், சாயம் திட்டாயிடும். பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை வெச்சா துணியில முடிஞ்சு ஓரமா வைங்க, பட்டு மேல படக் கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்துங்க. ஹேங்கர்ல ரொம்ப நாள் தொங்க விட்டா மடிப்பு விழுந்த இடத்துல இழை விட்டுடும்.

ரவிக்கை பத்தி நீங்க கேக்கலை, ஆனாலும் சொல்லிடறேன். கூட வர்ற ரவிக்கைத் துணியில கை ஓரத்துக்கு டிசைன் வந்தா, ரெண்டு கையையும் துணியை மடிச்சு ஒண்ணா வெட்ட வேண்டாம்னு தையல்காரர்கிட்டச் சொல்லுங்க. கையால கட்டின டிசைன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரை விரல் முன்னே பின்னே இருக்கும். தனித்தனியா விரிச்சு, டிசைனுக்கு நேரா குறி போட்டு வெட்டினா ரெண்டு கையிலயும் ஒரே உயரத்துல நிக்கும். தை மாசம்னா தையல்காரங்க எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க, கார்த்திகையிலயே குடுத்துடுங்க.